பின்னர் அறிவிக்கப்படும்

அத்தியாயம் 6

செத்துப்போன மனுசி சிமியோனின் ஆட்டோப் பின்சீட்டில் இருந்து தேத்தண்ணிப் பிளாஸ்கின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தா.

சிமியோன் லைட் போஸ்ற்றைப் பார்த்தான். கண்ணாடிக்குள் பின்சீட்டைப் பார்த்தான். திரும்பவும் போஸ்ற்றைப் பார்த்தான். அதே மூக்குத்தி, அதே திருநீறு, ஒரு பக்கம் சரிந்த அதே சிரிப்பு. கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவித்தலில், இரண்டு குத்துவிளக்குக்கு நடுவில், பராசக்தி அக்கா சிரித்துக்கொண்டிருந்தா.

அவன் காலடியில் பிரேக் தானாக அமுங்கிற்று.

சிமியோன் குருநகர்க்காரன். பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். இவனுக்கு வாயிலிருந்து பகிடி வரும். எவ்வளவு பயமோ அவ்வளவு பகிடி. போன கிழமை முழுக்க அவன் பகிடி விட்டபடிதான் திரிந்தான் என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கோ.

"ராத்தா," என்றான், பின்சீட்டில் இருந்த மற்ற மனுசியைப் பார்த்து. "நான் மனுசரை ஏத்திக்கொண்டு போறனோ, ஆவியை ஏத்திக்கொண்டு போறனோ? ஆவியெண்டால் மீற்றர் போடலாமோ எண்டு கேக்கிறன்."

பராசக்திக்குப் பக்கத்தில் இருந்த நஜ்முன்னிஸா தலையை வெளியே நீட்டிப் பார்த்தா. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினா.

நஜ்முன்னிஸா ஆரென்று தெரியாத ஆளுக்குச் சொல்லவேணும். யாழ்ப்பாணம் ஐந்து சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வாசலில் மேசையும் இரண்டு கதிரையும் போட்டிருக்கிற மனுசி. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினபோது சின்னப்பிள்ளையாக ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, வாப்பாவின் வளவு இப்ப ஆற்றை பேரில் கிடக்கு என்று அரசாங்கத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் மறுமொழி வாங்கினவ. அண்டு தொடக்கம் சனம் 'ராத்தா', அக்கா, என்று அவவைத் தேடித்தான் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவவுக்குத் தலைகீழ்ப் பாடம். கேள்வியை எழுதிக் கொடுப்பா. கேட்ட ஆளை எவனாவது வெருட்டினால், வெருட்டினவனைத் தேடிப் பிடிக்கிறதும் அவதான். சிமியோன் அவவின் சாரதி, துணையாள், வாய்.

பராசக்தியின் கேள்வி ஒரு வரிக் கேள்வி. சண்டிலிப்பாய்க்கு அங்காலை இருக்கிற நொச்சியோடை என்ற சின்னக் கிராமத்தில், அவவின் வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குளம். ஊர்ப் பொதுக்குளம். போன வருசம் லொறி லொறியாகக் கல்லும் மண்ணும் கொட்டிப் பாதிக் குளத்தை நிரவிப்போட்டாங்கள். மாரி மழைக்குக் குளத்துக்குப் போகவேண்டிய தண்ணி பராசக்தியின் வீட்டுக்குள் வந்து முழங்காலளவு நின்றது. வெங்காயம் அழுகிப் போச்சு. "குளத்தை நிரவ அனுமதி கேட்டது ஆர்?" அவ்வளவுதான் கேட்டா. அது மூன்றாம் ஆளின் விஷயம், தர ஏலாது என்று பிரதேச சபைக் கந்தோரில் சொல்லிப்போட்டினம். மேன்முறையீடு போட்டா. அதன் விசாரணை இண்டைக்குப் பத்து மணிக்கு, அதே கந்தோரில், செயலாளர் முன்னால். அதுக்குத்தான் இந்தப் பயணம்.

இடையில் ஒரு போன் வந்தது. "உன்ரை மகள் சுன்னாகத்திலை எந்த பஸ் ஏறுறவள் எண்டு எங்களுக்குத் தெரியும். குளத்தை விடு." பொலிசில் முறைப்பாடு கொடுத்தால், அந்த நம்பர் எப்பவோ செத்துப்போன ஒருவரின் பேரில் இருக்காம்.

இப்ப இது.

பராசக்தி இறங்கிப் போய்த் தன் படத்துக்கு முன்னால் நின்றா. இரண்டு கையாலும் தன் முகத்தைத் தடவிப் பார்த்தா.

"ஆற்றா உந்த வேலை பாத்தவன்!"

பின்னால் மோட்டச்சைக்கிளில் வந்த கோகுலன் பாய்ந்து இறங்கினான். பராசக்தியின் புருசன் சீவரத்தினம் காலமாகிவிட்டார். கோகுலன் அவரின் கடைசித் தம்பி. கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஒரே ஆண்துணை. அண்ணியைத் தனிய விட ஏலாதென்று விடிய வெள்ளனவே வந்து, அவவின் குசினியில் பிட்டும் சாப்பிட்டுவிட்டுக் கூட வந்தவன். வேலியில் ஒரு கிளுவந்தடியை முறித்து எடுத்தான். கோவத்தில் கை நடுங்க நடுங்க, அந்தத் தடியால் நோட்டீசைப் போஸ்ற்றிலிருந்து சுரண்டத் தொடங்கினான்.

"தம்பி, கிழியாதேங்கோ," என்று நஜ்முன்னிஸா அவனை விலக்கினா. பசை ஈரமாகத்தான் கிடந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, முழுசாக உரித்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. ஒழுங்கை நீட்டுக்குப் பார்த்தால் போஸ்ற்றுக்குப் போஸ்ற் பராசக்தி சிரித்துக்கொண்டிருந்தா.

"அண்ணி, சொல்லுறதைக் கேளுங்கோ," என்றான் கோகுலன். "குளம் போனால் போகட்டும். நீங்கள் வேணும், பிள்ளை கஜானி வேணும். கந்தோருக்குள்ளை போய் ஒண்டும் வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திட்டு வாங்கோ. நானும் ஆட்டோவிலை வாறன். இந்தக் கையோடை என்னாலை மோட்டச்சைக்கிள் ஓட ஏலாது."

"ஓம் தம்பி," என்றா பராசக்தி. "எழுதிக் குடுப்பம். எனக்குக் காணும், போதும்."

மூன்று மாசம் மலை போல நின்ற மனுசி ஒரு கடதாசியில் கரைந்து போனா. சிமியோனுக்கு அழுகை வந்தது. அவனால் முடிந்தது, ஆட்டோவின் முன்கண்ணாடியில் இருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்து, "இது நாலாவது மெழுகுதிரி, நேர்த்திக்கடனை வடிவாய் நினைவிலை வைச்சிரும்," என்று முணுமுணுத்ததுதான்.

*

ஆட்டோ கிளம்பிற்று. பின்சீட்டில் நடுவில் பராசக்தி, இந்தப் பக்கம் நஜ்முன்னிஸா, அந்தப் பக்கம் கோகுலன்.

நஜ்முன்னிஸா நோட்டீசை மடியில் விரித்தா. "பராசக்தி, நான் வாசிக்கிறன். எங்கை பிழையெண்டு சொல்லுங்கோ."

"ஏன் இப்ப உதை வாசிக்கிறியள்?" கோகுலன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான். "அவவே பயந்து போய் இருக்கிறா."

"அவவைவிட நான் கூடப் பயந்து போய் இருக்கிறன்," என்றான் சிமியோன். "எண்டாலும் வாசியுங்கோ ராத்தா. வாசிக்காமல் இருக்க இன்னும் பயமாய்க் கிடக்கு."

அவ வாசித்தா. "நொச்சியோடையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி பராசக்தி சீவரத்தினம் அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்ற சீவரத்தினத்தின் அன்பு மனைவியும், கஜானியின் பாசமிகு தாயாரும்..."

"ஓம்," என்றா பராசக்தி, கண்ணை மூடிக்கொண்டு.

"...பருத்தித்துறையைச் சேர்ந்த பூரணத்தின் ஆருயிர்ச் சகோதரியும், சிவகரனின் மைத்துனியும்..."

"தங்கச்சியும் அவளின்ரை மனுசனும்."

"...நிருஷன், லவீனா ஆகியோரின் பெரியம்மாவும், கனடாவில் வசிக்கும் இனியாவின் பாசமிகு பேத்தியாரும்..."

பராசக்தி கண்ணைத் திறந்தா. "இனியா நிருஷன்ரை பிள்ளை, எனக்குப் பேரப்பிள்ளை முறை. பிறந்து இன்னும் முப்பத்தொண்டு கழியேல்லை. அதின்ரை பேர் கூட இருக்கே!"

பிறந்து ஒரு மாசம் ஆகாத பிள்ளையின் பேரைத் தெரிந்த ஒருவன், கறுப்புக் கட்டத்துக்குள் அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறான்.

"எல்லாம் பேஸ்புக்கிலை கிடக்கு," என்றான் கோகுலன். "கந்தோர் ஆக்கள்தான் எடுத்துக் குடுத்திருப்பாங்கள். விண்ணப்பத்திலை அண்ணியின்ரை பேர் விலாசம் எல்லாம் இருக்குத்தானே?"

"இருக்கலாம்," என்றா நஜ்முன்னிஸா. கடைசி வரிகளையும் வாசித்தா. "இறுதிக்கிரியை பற்றிய விபரம் பின்னர் அறிவிக்கப்படும். தகவல், குடும்பத்தினர்."

"பாத்தியளே," என்றான் சிமியோன். "அரசாங்கம் மூண்டு மாசமாய்த் தராத தகவலை இவங்கள் கேக்காமலே தந்திருக்கிறாங்கள். சேவையெண்டால் இதெல்லே சேவை."

அந்த "பின்னர்" என்ற சொல்தான் அவனை விடவில்லை. எப்ப பின்னர்? மகள் பஸ் ஏறின பின்னரோ?

சண்டிலிப்பாய் தாண்டி, இரண்டு பக்கமும் புகையிலைத் தோட்டம் வருகிற நீட்டு ரோட்டில் அது நடந்தது. பின்னால் ஒரு மோட்டச்சைக்கிள். இரண்டு பேர். இரண்டு பேரும் முகம் மூடின ஹெல்மெட். சிமியோன் மெதுவாக்கினான், அவங்களும் மெதுவாக்கினாங்கள். வேகமாக்கினான், அவங்களும் வேகமாக்கினாங்கள்.

"ராத்தா, பின்னாலை ஊர்வலம் வருது."

"பாத்தன். ஓடுங்கோ."

மோட்டச்சைக்கிள் ஆட்டோவோடு சமாந்தரமாக வந்தது. கையை நீட்டினால் தொடலாம். பின்னால் இருந்தவன் குனிந்து ஆட்டோவுக்குள் பார்த்தான். ஒவ்வொரு முகமாக, ஆறுதலாக, சந்தையில் மீன் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். பராசக்தி நஜ்முன்னிஸாவின் கையை இறுக்கிப் பிடித்தா.

ஆனால் அந்த நேரத்திலும் கண்ணாடிக்குள் ஒன்றைச் சிமியோன் கண்டான். கோகுலன் சீட்டுக்குக் கீழே கிட்டத்தட்ட மடங்கிப் போய் இருந்தான். முகத்தை முழங்காலுக்குள் புதைத்திருந்தான். அண்ணிக்குக் காவலாக வந்தவன் அண்ணிக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்.

ஹெல்மெட்காரன் ஆட்டோக் கூரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். முறுக்கிக்கொண்டு முன்னால் பறந்து போனாங்கள்.

"ஐந்தாவது மெழுகுதிரி," என்றான் சிமியோன். அதுக்கு மேல் அவனுக்குப் பகிடி வரவில்லை.

*

கந்தோர் வளவில் வேப்பமர நிழலில் ஆட்டோ நின்றது. விசாரணைக்கு இன்னும் நேரம் இருந்தது. பராசக்தி கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "ராத்தா, எப்பிடி எழுதுறது? வேண்டாமெண்டு எழுதவேணும்," என்றா.

"எழுதலாம். அதுக்கு முதல் சின்ன வேலை ஒண்டு கிடக்கு." நஜ்முன்னிஸா நோட்டீசை ஆட்டோவின் முன்சீட்டில் விரித்து வைத்தா. "கோகுலன் தம்பி, பேனை இருக்கே?"

"இருக்கு. என்னத்துக்கு?"

"உதைப் பொலிசிலை குடுக்கப்போறம். நோட்டீசிலை ஒரு ஆள் விடுபட்டுப் போச்சு. அந்த ஆளின்ரை பேரை நீங்களே உங்கடை கையாலை எழுதிவிடுங்கோ."

"ஆர் விடுபட்டது?"

"நீங்கள்தான்."

கோகுலன் பேனையை நீட்டின கையை இழுத்துக்கொண்டான். "என்ன விசர்க்கதை? செத்தவீட்டு நோட்டீசிலை என்ரை பேரை நானே எழுதவோ? வீட்டிலை மனுசி நிறைமாசம். எத்தினை வருசம் நேர்ந்து கிடைச்ச பிள்ளை தெரியுமே? துடக்கு, தீட்டு, தோஷம் எல்லாம்..."

"ஆற்றை செத்தவீடு, தம்பி?"

அவன் பேனையைத் திரும்பவும் சட்டைப்பைக்குள் செருகினான்.

"உங்கடை அண்ணி இந்தா நிக்கிறா. ஒருத்தரும் சாகேல்லை. இது வெறும் கடதாசி. பிறகு எங்காலை துடக்கு?" நஜ்முன்னிஸாவின் குரல் உயரவில்லை. கடையில் சீனி என்ன விலை என்று கேட்கிற குரல்தான். "உங்கடை ஊரிலை மரண அறிவித்தலிலை ஒரு பேர் விடுபட்டால் ஏழு வருசத்துக்குக் கதை பேச்சு இருக்காது எண்டு எனக்கும் தெரியும். வெருட்ட வந்த பிறத்தியான் எழுதியிருந்தால் உங்கடை பேரைத்தான் முதல் போட்டிருப்பான். கனடாவிலை இருக்கிற பச்சைப்பிள்ளையை விடாதவன், பக்கத்து வளவு மச்சானை ஏன் விட்டவன்? உலகத்திலை ஒரே ஒரு ஆளுக்குத்தான் 'கோகுலன்' எண்ட பேரை உதுக்குள்ளை எழுதக் கை கூசும்."

சிமியோன் நோட்டீசைப் பார்த்தான். கஜானி, பூரணம், சிவகரன், நிருஷன், லவீனா, இனியா. தானும் கேட்டுக்கொண்டுதானே வந்தான்! இருந்த பேர்களைக் கேட்டான். இல்லாத பேரைக் கேட்கவில்லை.

"நான் உதைக் கையாலை தொட்டு உரிச்சன்," என்றா நஜ்முன்னிஸா. "நீங்கள் தடியாலை சுரண்டினியள். ஒட்டேக்கை ஆரைக் கொண்டு ஒட்டுவிச்சனியள்? உங்கடை கை படாமல்தானே?"

சந்தேகம் சந்தேகம் என்று ஊரெல்லாம் தேடினால், ஆள் தன் பிடரிக்குப் பின்னால் இருந்து வந்திருக்கிறான். சிமியோன் தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போனான்.

கோகுலன் மறுப்பான், கத்துவான், பாய்ந்து அடிப்பான் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். கோகுலன் ஒன்றும் செய்யவில்லை. வேப்பமரத்தடியில் குந்தி இருந்து, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பெடியன் மாதிரி விக்கி விக்கி அழுதான்.

பராசக்தி அவனுக்குக் கிட்டப் போனா. "காலமை என்ரை குசினியிலை இருந்து பிட்டுச் சாப்பிட்டனியேடா," என்றா. "சம்பல் உறைப்புக் காணாதெண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டனி. அப்ப நான் செத்துப் போஸ்ற்றிலை தொங்கிக்கொண்டிருக்கிறன்."

"அண்ணி, குளத்தங்கரைக் காணி என்ரை பங்கு. வீடு கட்டி விக்கப்போறமெண்டு வந்தாங்கள். குளத்தை நிரவினால்தான் லொறி போகப் பாதை எண்டாங்கள். அனுமதி என்ரை பேரிலைதான் கேட்டது. உங்கடை வீட்டுக்குள்ளை தண்ணி வருமெண்டு நான் நினைக்கேல்லை. பேந்து வேண்டாமெண்டு சொன்னனான். விடுறாங்களில்லை."

"கஜானியைச் சொல்லிப் போன் எடுத்தனியே, அது?"

கோகுலன் தலையை நிமிர்த்தினான். அந்த முகத்தைச் சிமியோன் கனகாலம் மறக்கமாட்டான். பொய் சொல்லுகிற முகம் இல்லை. பயந்து செத்த முகம்.

"அது நானில்லை அண்ணி. பிறக்கப்போற பிள்ளையிலை சத்தியமாய் நானில்லை. அது அவங்கள். இப்ப ரோட்டிலை வந்தாங்களே, அவங்கள். கஜானியிலை கை வைக்கப் போறாங்கள் எண்டு தெரிஞ்ச பிறகுதான் நோட்டீஸ் அடிச்சனான். அதுக்கு முதல் நீங்களாய்ப் பயந்து விட்டிட்டால் ஒருத்தருக்கும் ஒண்டும் நடவாது எண்டு நினைச்சன். உள்ளை போகாதேங்கோ. மறுமொழியிலை என்ரை பேர்தான் வரும். என்ரை பேர் வந்தால் நான் அவங்களைச் சொல்லவேணும். சொன்னால் என்னையும் விடமாட்டாங்கள்."

கள்ளனைப் பிடித்தால் பயம் போகும் என்று எந்த மடையன் சொன்னவன்? பிடிக்கும் மட்டும் பயத்துக்கு முகம் இல்லாமல் இருந்தது. இப்ப இரண்டு ஹெல்மெட்டும் ஒரு மோட்டச்சைக்கிளும் இருக்கு. சிமியோன் படலைப் பக்கம் பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம், குளிர்பானக் கடைக்கு முன்னால், அதே மோட்டச்சைக்கிள் நின்றது. இரண்டு பேரும் அதில் சாய்ந்து நின்று கந்தோரைப் பார்த்துக்கொண்டிருந்தாங்கள்.

"ராத்தா," பராசக்தி கேட்டா. "நான் என்ன செய்யிறது? நீங்கள் படிச்ச மனுசி. சொல்லுங்கோ."

சிமியோன் நஜ்முன்னிஸாவைப் பார்த்தான். அவ முக்காட்டு நுனியை விரலில் சுத்திக்கொண்டு நின்றா.

"சட்டம் எண்டால் சொல்லுவன்," என்றா. "உங்களுக்குக் கேக்க உரிமை இருக்கு. ஏன் கேக்கிறியள் எண்டு ஒருத்தருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. உள்ளை போய் வேண்டாமெண்டு எழுதவும் உரிமை இருக்கு. ஆனால் இதுக்குள்ளை ஒரு பிள்ளையின்ரை உயிர் கிடக்கு, அது என்ரை பிள்ளை இல்லை. நான் போ எண்டும் சொல்லன், வா எண்டும் சொல்லன். பிள்ளையைக் கேளுங்கோ."

பராசக்தி போனை எடுத்தா. இலக்கம் அமத்த மூன்று தரம் பிழைச்சுது. எடுத்த பிறகு எல்லாவற்றையும் சொன்னா. சித்தப்பாவின் கதையையும் மறைக்கவில்லை. பிறகு கேட்டுக்கொண்டே நின்றா.

"ஓம்... ஓம் பிள்ளை... ஓமடி, விளங்குது."

போனை வைத்தா.

"என்னவாம்?" கோகுலன் எழும்பிவிட்டான்.

"'அம்மா, எனக்கும் பயம்தான். ரெண்டு கிழமையாய் நித்திரை இல்லை. நீ இப்ப விட்டிட்டு வந்தால், வெருட்டினால் சரிவரும் எண்டு அவங்களுக்கு விளங்கியிடும். நாளைக்கு வீட்டை எழுதித் தா எண்டு வருவாங்கள். அதுக்கும் என்னைச் சொல்லித்தான் வெருட்டுவாங்கள். கேட்டு வாங்கிக்கொண்டு வா' எண்டவள்." பராசக்தி வெள்ளைத் தாளை மடித்துத் திரும்பவும் கைப்பைக்குள் வைத்தா. "ராத்தா, அவளைத் தனிய விடாமல் ஆரேன்..."

"எங்கடை சொந்தக்காரப் பிள்ளை ஸஜானா சுன்னாகத்திலைதான் வேலை. அவளின்ரை தம்பி இஸ்ஸத்தையும் கூட்டிக்கொண்டு இப்பவே போய்ப் பிள்ளையோடை நிக்கச் சொல்லுறன்." நஜ்முன்னிஸா போனைக் காதில் வைத்தபடியே படியேறினா.

சிமியோனை வெளியே நிற்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. சொன்னாலும் நின்றிருக்கமாட்டான். படலைக்கு வெளியே பயப்படுகிறதைவிடக் கந்தோருக்குள் பயப்படுகிறது பாதுகாப்பு. அவனுக்குப் பின்னால் கால் இழுபட இழுபட கோகுலனும் வந்தான். அவனுக்கும் போக வேறு இடம் இல்லை.

*

செயலாளர் நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தார். கதிரை காட்டினார். மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். அவரின் மேசைக்கு நேரே ஒரு யன்னல். யன்னலுக்குள்ளால் குளிர்பானக் கடை தெரிந்தது. அவர் கதைக்கிற ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் கண் அங்கே போய் வந்ததைச் சிமியோன் கண்டான். ஆக, இவருக்கும் தெரியும்.

"அம்மா, அனுமதி கேட்ட ஆளின்ரை பேர் உங்களுக்கு ஏன்?"

"காரணம் கேக்கச் சட்டத்திலை இடமில்லை ஐயா," என்றா நஜ்முன்னிஸா.

"சட்டம் எனக்கும் தெரியும் தங்கச்சி. நான் அம்மாவின்ரை நன்மைக்குச் சொல்லுறன்." அவர் குரலைத் தணித்தார். வாசலில் ஒட்டிக்கொண்டு நின்ற கோகுலனை ஒருதரம் பார்த்தார். பார்க்காத மாதிரித் திரும்பினார். "சில ஆக்களின்ரை பேர் தெரியாமல் இருக்கிறது நல்லது. தெரிஞ்சால் குடும்பம் உடைஞ்சு போகும். பிறகு நான் குடுத்தனான் எண்டு வரும். வேண்டாமெண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. நானும் நிம்மதியாய்ப் படுப்பன், நீங்களும் நிம்மதியாய்ப் படுப்பியள்."

பராசக்தி கைப்பையைத் திறந்து அந்த வெள்ளைத் தாளைத் தொட்டா. இப்ப எழுதிக் கொடுக்கப் போறா என்றுதான் சிமியோன் நினைத்தான். எழுதிக் கொடுத்தால் நல்லதென்றும் அவனுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. அதை நினைக்க அவனுக்கே வெட்கமாய் இருந்தது.

"பேர் எனக்குத் தெரியும் ஐயா," என்றா பராசக்தி.

செயலாளர் நிமிர்ந்தார்.

"அந்தா வாசலிலை நிக்கிறவன்தான். ஆர் சொல்லிச் செய்தவன் எண்டும் தெரியும். அவங்கள் உங்கடை யன்னலுக்கு வெளியிலை நிக்கிறாங்கள். நீங்களும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறியள்."

"தெரியுமெண்டால் பிறகு என்னத்துக்கு அம்மா இந்த விண்ணப்பம்?"

"எனக்கு மட்டும் தெரிஞ்சதாலைதான் ஐயா என்னைச் சாக்காட்டப் பாக்கிறாங்கள். நான் போனால் அந்தப் பேரும் என்னோடை போயிடும். உங்கடை முத்திரை குத்தி எழுத்திலை வந்திட்டால், பிறகு என்னைக் கொண்டு அவங்களுக்கு என்ன பிரயோசனம்? என்ரை பிள்ளையைத் தொட்டு என்ன பிரயோசனம்?" அவ இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டா. "எனக்குச் சரியான பயமாய்க் கிடக்கு ஐயா. கெதியாய் எழுதித் தாங்கோ."

செயலாளர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்து, பேனையை எடுத்தார்.